240 துளை, எம்6 மரை: கையாலா, மெஷினாலா?

வியாசர்பாடி பின்கட்டுப் பட்டறை:
12 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகடுகளில் எம்6 மரை (6 மி.மீ. போல்ட் திருகி ஏறும் புரி) போட வேண்டும். எல்லாம் ஊடுதுளை, மொத்தம் 240. மூன்று டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) கொண்ட கை செட்டால் நேற்று 20 முடித்தேன். இன்று காலை பல் துலக்கவே மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. துளைக்கு 3 நிமிடம் என்றால் இன்னும் 11 மணி நேரம். வேறு வழி உண்டா?

ஓய்வுபெற்ற ஃபிட்டர், பெரம்பூர்:
உண்டு தம்பி, அதற்குப் பொறுமை என்று பெயர். அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே. டேப் முறுக்கேறுவது உள்ளங்கைக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. துளைக்குள் உடைந்த டேப்பை ஒருமுறை நோண்டி எடுத்தவன் அவசரப்பட மாட்டான்.

தண்டையார்ப்பேட்டை:
ஐயா, முன்னும் பின்னும் திருகுவது வெட்டி வரும் இரும்புச் சுருளை உடைக்கத்தான். நுனியைச் சாய்வாக வெட்டிய ஸ்பைரல் பாயின்ட் டேப் சுருளை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். தகட்டின் அடியில் நீள நீளமாக வந்து தொங்கும். பின்வாங்கவே தேவையில்லை. பாரிமுனையில் ஒன்று வாங்கி, பேட்டரி டிரில்லில் மாட்டி, குறைந்த வேகத்தில், கட்டிங் ஆயில் தொட்டு ஓட்டுங்கள். துளைக்கு 20 விநாடி, 220-க்கும் சுமார் 75 நிமிடம். கை செட்டை விடமாட்டேன் என்றாலும் ஊடுதுளைக்கு மூன்று டேப் எதற்கு? முதல் டேப் முழுதாக ஊடுருவினாலே மரை விழுந்துவிடும்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர், பெரம்பூர்:
இதைத்தான் அரைகுறை என்பது. ஷாங்கில் (டேப்பின் காம்பில்) வளையக்கோடு இருக்கிறதா என்று கேட்டீர்களா? ஒரு கோடு, இரண்டு கோடு போட்ட செட்டில் முதல் இரண்டும் விட்டம் குறைந்தவை. மூன்றாவதுதான் முழு மரை வெட்டும். உங்கள் பேச்சைக் கேட்டால் போல்ட் பாதியில் நிற்கும்.

தண்டையார்ப்பேட்டை:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பைரல் பாயின்ட் பற்றிப் பதிலே இல்லையே?

ஓய்வுபெற்ற ஃபிட்டர், பெரம்பூர்:
டேப் நல்லதுதான். பிடிக்கும் கை சாய்ந்தால்?

எண்ணூர்க் காற்று:
மரைக்கு முன் போடும் துளையின் டிரில் அளவை இருவரும் பேசவே இல்லை. எம்6-க்கு 5 மி.மீ. என்பது பழக்கம், மரை ஆழம் முழு மரையில் சுமார் 77 சதவீதம் வரும். 5.2 போட்டால் 62. தகடு 12 மி.மீ., போல்ட்டின் விட்டத்தைப் போல் இரு மடங்கு. மரை பிய்வதற்குள் போல்ட்டே அறுந்துவிடும். டேப்புக்கோ பாதி பாரம் குறைந்ததுபோல் இருக்கும். சாய்வுக்குப் பயந்தால் ஒரு தடித்த இரும்புக் கட்டையில் டேப் தளராமல் நுழையும் துளையை நேராகப் போட்டு, டேப்புக்கு வழிகாட்டியாக வையுங்கள். வேலை முடிந்ததும் டேப்பைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றில் இரண்டே நாளில் துருப்பிடிக்கும்.

வியாசர்பாடி பின்கட்டுப் பட்டறை:
5.2 துளை, ஸ்பைரல் பாயின்ட், வழிகாட்டிக் கட்டை. அரை மணி நேரத்தில் 60 துளை. டேப் உடையவில்லை. சக்கில் (டிரில்லின் பிடிவாயில்) ஷாங்க் இரண்டு முறை வழுக்கியது, கீறல் விழுந்திருக்கிறது. கட்டையை எடுக்கச் சோம்பல்பட்டு வெறுங்கையில் போட்ட ஒன்று மட்டும் கோணல். ஐயா, என் செட்டிலும் வளையக்கோடு இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஃபிட்டர், பெரம்பூர்:
அந்தக் கோணல் துளையில் போல்ட்டை மாட்டிப் படம் போடுங்கள் தம்பி. தண்டையார்ப்பேட்டைக்காரர் பார்க்கட்டும்.