இந்த ஞாயிறு வேண்டாம், அடுத்த ஞாயிறு போகலாம்

நான் (இரவு 7.40): அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு நானும் மச்சானும் நமது சிறிய துடுப்புப் படகில் கழிமுகம் வரை போய்த் தூண்டில் போடலாம் என்றிருக்கிறோம். அன்று 6.10-க்குக் கடல்நீர் ஏற்றம் உச்சத்தை அடைகிறது. அதன்பின் வற்றும் நீரோடு சிரமமில்லாமல் இறங்கிப் போய்விட்டு, 10 மணிக்குள் திரும்பிவிடுவோம்.

அம்மா (7.44): இருவரும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் படகில் ஏற வேண்டும். இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறோம் என்று சொல்லக் கூடாது.

பெரியப்பா (7.58): போகும்போது சிரமமில்லை என்கிறாய், திரும்பும் கணக்கைப் பார்த்தாயா? உச்சத்திலிருந்து முழு வற்றத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். ஆனால் நீர் ஒரே சீராக இறங்குவதில்லை. மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று என்பது பழைய கடலோடிகளின் தோராயக் கணக்கு. நீ திரும்ப நினைக்கும் 8-க்கும் 10-க்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் பாதி நீர் வெளியேறுகிறது. அதுவும் பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள்; இழுப்பு மிகப் பலமாக இருக்கும் சமயம்.

மச்சான் (8.03): மாமா, நாங்கள் இரண்டு பேர் மாறி மாறித் துடுப்புப் போடுவோமே?

பெரியப்பா (8.11): தம்பி, உங்கள் கை வலுவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இத்தகைய படகை நெடுநேரம் ஒரே சீராக வலித்தால் மணிக்கு நான்கு, ஐந்து கிலோமீட்டர் போகலாம். கழிமுகத்தின் குறுகிய வாயிலில் வற்றும் நீர் அதே வேகத்தில் எதிரே வந்தால், வியர்க்க வியர்க்க வலித்தாலும் கரையிலுள்ள மரம் அதே இடத்தில்தான் நிற்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். விடியற்காலையில் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால் கரையோரத்தில் நீர் பாய் விரித்ததுபோல் அமைதியாகத் தெரியும், காற்றும் வற்றமும் சேர்ந்து வெளியே தள்ளுவது அப்போது கண்ணுக்குத் தெரியாது. பிறகு கடற்காற்று எழும்பி, வெளியேறும் நீரை எதிர்கொள்ளும்போது, வாயிலில் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் கிளம்பும். அந்த இடத்தில் சிறு படகுக்கு வேலையே இல்லை.

அக்கா (8.15): அப்படியானால் போகவே கூடாதா, பெரியப்பா?

பெரியப்பா (8.24): போகலாம், ஒரு வாரம் தள்ளிப் போகலாம். ஏற்றவற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகிறது. அடுத்த ஞாயிறு ஏறத்தாழ 6 மணிக்கு வற்றம் முடியும். அட்டமியை ஒட்டிய நாள் என்பதால் இழுப்பும் குறைவு. விடிந்த பிறகு 5.45-க்குப் புறப்பட்டு, நீர் நிற்கும் நேரத்தில் தூண்டில் போட்டு, பிறகு ஏறும் நீரோடு திரும்பிவிடலாம். ஆனால் ஏற்றவற்ற அட்டவணையில் உள்ள நேரம் நீர்மட்டத்தைக் குறிப்பது. குறுகிய வாயில்களில் ஓட்டம் திரும்ப அரை மணியோ அதற்கு மேலோ தாமதமாகலாம். நட்டு வைத்த கழியின் எந்தப் பக்கம் நீர் சுழிக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் (8.27): வாயிலுக்குப் போகாமல் உட்புறத்திலேயே நங்கூரம் போட்டுக்கொள்கிறோம். கயிறு எட்டு மீட்டர் இருக்கிறது.

பெரியப்பா (8.36): போதாது. நான்கு மீட்டர் ஆழத்துக்குக் குறைந்தது 12, முடிந்தால் 20 மீட்டர் விட வேண்டும். இல்லையேல் நங்கூரம் பிடிக்காது, நீர் ஏறும்போது அணியத்தையும், அதாவது படகின் முன்முனையையும், கீழே இழுக்கும். நங்கூரத்தை அணியத்தில் மட்டுமே கட்டு. இளமையில் ஒரு நாள் வசதிக்காக அதைப் பின்பக்கத்தில் கட்டினேன். ஓட்டம் பலத்ததும் கயிறு வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்தது, அடுத்த நொடியில் நீர் பின்பலகையைத் தாண்டி என் மடியில் விழுந்தது. இரை நறுக்கும் கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் கயிற்றை அறுத்தேன். அன்று முதல் கயிற்றின் மறுமுனையில் ஒரு மிதவை கட்டி வைப்பது என் வழக்கம்: ஆபத்தென்றால் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அம்மா (8.41): நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் ஜாக்கெட் அவசியம்தானே? இவன் கேட்பதில்லை.

பெரியப்பா (8.47): அவசியம். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது, நீச்சல் அப்போது உதவாது. ஓட்டத்தில் நீருக்குள் இருந்துகொண்டு ஜாக்கெட்டை மாட்டுவதும் நடக்கிற காரியமல்ல. மீன் சிக்கியதும் எழுந்து நிற்காதீர்கள், கவிழ்வது பெரும்பாலும் அப்போதுதான். கவிழ்ந்தாலும் படகை விட்டுக் கரைக்கு நீந்த முயலாதீர்கள். தேடி வருபவர்களுக்குத் தலையைவிடப் படகுதான் தெரியும். அலைபேசி நீர்புகா உறையில், உடம்போடு கட்டப்பட்டிருக்க வேண்டும், விசில் கழுத்தில்.

மச்சான் (8.52): வற்றத்தில் படகு சேற்றில் தரைதட்டினால் இறங்கித் தள்ளலாமா, மாமா?

பெரியப்பா (8.54): கூடாது. இடுப்பு வரை புதைந்தவனை நோக்கித்தான் ஏற்றம் வரும். படகிலேயே உட்கார்ந்திருந்தால் அதே நீர் உங்களைத் தூக்கிவிடும்.

அக்கா (9.01): சரி, அடுத்த ஞாயிறு நான் கரையில் பொறுப்பாக இருக்கிறேன். 10 மணிக்கு உன்னிடமிருந்து செய்தி வர வேண்டும். வராவிட்டால் அழைப்பேன், 10.30 வரை பதில் இல்லையென்றால், இன்னும் சற்றுப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் கடலோர மீட்புப் பிரிவைக் கூப்பிட்டுவிடுவேன். எந்த இடத்தில் நங்கூரம் போடுவீர்கள் என்பதைச் சனிக்கிழமையே இங்கே எழுதிவிடு. அங்கே போன பிறகு இடத்தை மாற்றினால் அதையும் சொல்லிவிடு.

நான் (9.04): சம்மதம். கயிறு 20 மீட்டர், மிதவை, கூடுதலாக ஒரு துடுப்பு, நீர் இறைக்க ஒரு குவளை, இவற்றை இந்த வாரத்திலேயே சேர்த்துவிடுகிறேன்.

பெரியப்பா (9.06): குவளையைப் படகோடு கட்டி வை, கவிழ்ந்தால் முதலில் மிதந்து போவது அதுதான். இடப்பக்கத் துடுப்பு வளையம் தேய்ந்திருந்ததே, மாற்றிவிட்டாயா?

நான் (9.13): இல்லை, பெரியப்பா. நாளை காலை கழற்றிப் பார்த்துவிட்டுப் படம் அனுப்புகிறேன்.