நாஸ் பெட்டியில் ஒரு ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, மாற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மொட்டைமாடி:

நான்கு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைப் போட்டு வைக்கும் பெட்டி), ஐந்து வருடமாக ஓடுகிறது. நான்கும் 4 டிபி, ரெய்டு 5, அதாவது நான்கிலும் பிரித்து எழுதி, ஒன்று போனாலும் தாங்கும் முறை. நேற்று ராத்திரி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது, போய்ப் பார்த்தால் ஒரு விளக்கு ஆரஞ்சில் எரிகிறது, உள்ளே நுழைந்தால் "டிஸ்க் 3 செயலிழந்தது, வால்யூம் டிகிரேடட்" என்கிறது, அதாவது நான்கும் சேர்ந்த சேமிப்பிடம் ஒரு டிஸ்க் குறைவாக ஒப்பேற்றுகிறது. ஃபைல்கள் திறக்கின்றன, ஆனால் ஆடி அசைந்து. சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன்.

அதே கம்பெனி, அதே மாடல்தான் வாங்க வேண்டுமா? அந்த மாடல் இப்போது வருவதே இல்லை. 8 டிபி போட்டால் இடம் கூடுமா? பெட்டி ஓடும்போதே உருவலாமா, அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டுமா?

பேக்கப் எங்கே என்று கேட்பீர்கள். ரெய்டு இருக்கிறதே என்று தனியாக எடுக்கவில்லை. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் இதில்தான் கிடக்கின்றன. திட்டாதீர்கள்.

இரும்புப்பெட்டி:

திட்டவில்லை, நானும் அந்த வழியாக வந்தவன்தான். ஆனால் புது டிஸ்க் வாங்க ஓடுவதற்கு முன் படங்களை ஒரு யுஎஸ்பி டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். இன்றைக்கே.

ஏன் என்றால், ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால் மிச்சம் மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் காணாமல் போனதைப் பெட்டி திரும்ப எழுதும். அதற்கு அந்த மூன்றையும் முதல் செக்டரிலிருந்து (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னக் கட்டம்) கடைசி செக்டர் வரை படித்தாக வேண்டும், பாதி காலியாக இருந்தாலும் பல பெட்டிகள் முழுவதையும்தான் படிக்கும். உங்கள் மூன்றும் அதே நாளில் வாங்கி, அதே சூட்டில், அதே ஐந்து வருடம் ஓடியவை. அண்ணன் படுத்துவிட்டான் என்றால் தம்பிகளுக்கும் நாடி பார்க்க வேண்டும் இல்லையா?

ஸ்மார்ட் தகவலை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியலை, திறந்து மற்ற மூன்றிலும் 5, 197, 198 ஆகிய வரிகளைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், 197 என்பது படிக்க முடியாமல் தொங்கலில் நிற்பவை, 198 டிஸ்க் தானாகச் சோதித்துச் சரிசெய்ய முடியாமல் விட்டவை. 199 ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது இணைப்புக் கோளாறு, அது வேறு கதை. காப்பி முடியும்வரை ஸ்க்ரப் (எல்லா டிஸ்க்கையும் முழுதாகப் படித்துச் சரிபார்ப்பது), டிஃப்ராக் (சிதறிய ஃபைல்களை ஒழுங்காக அடுக்குவது) என்று எதையும் ஓட்டாதீர்கள்.

கடைசிபெஞ்சு:

காப்பி எடுக்கச் சொல்வது சரி, ஆனால் கொஞ்சம் பயமுறுத்தலும் நடக்கிறது. வீட்டு டிஸ்க்குகளின் விவரத்தாளில் 10^14 பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம் என்று இருக்கும், அது 12.5 டிபி. மூன்று 4 டிபி டிஸ்க்கை முழுதாகப் படித்தால் 12 டிபி, ஆகவே ரீபில்ட் (போன டிஸ்க்கில் இருந்ததைப் புதியதில் திரும்ப எழுதுவது) பாதிக்குப் பாதிக்கு மேல் தோற்கும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அப்படியானால் மாதாமாதம் ஸ்க்ரப் ஓட்டும் நம் எல்லோருக்கும் பிழை கொட்டியிருக்க வேண்டுமே? அந்த எண் ஒரு உச்சவரம்பு, அவ்வளவுதான். ஸ்மார்ட் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

வாங்குவது பற்றி: அதே மாடலாக இருக்க வேண்டியதில்லை, அதே கம்பெனியாகவும் இருக்க வேண்டியதில்லை. அளவு பழையதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும், ஒரு செக்டர் குறைந்தாலும் சில பெட்டிகள் ஏற்காது. 8 டிபி போடலாம், ஆனால் ஒன்றை மட்டும் போட்டால் அதில் 4 டிபிதான் பயன்படும், மிச்சம் சும்மா கிடக்கும். சிஎம்ஆரா எஸ்எம்ஆரா (டிஸ்க்கில் தடங்களை எழுதும் இரண்டு விதம்) என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். சிஎம்ஆரில் தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக இருக்கும், எஸ்எம்ஆரில் ஓட்டு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும், ஒரு இடத்தில் எழுத அடுத்ததையும் திருப்பி எழுத வேண்டி வரும், நாள் முழுக்க விடாமல் எழுதும் ரீபில்டில் அது நாக்குத் தள்ளிவிடும். நாஸுக்கு என்றே விற்ற சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று 2020-இல் தெரியவந்து பெரிய ரகளையே நடந்தது, அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல் மாடல் எண்ணை வைத்து விவரத்தாளைப் பாருங்கள்.

பழையமதர்போர்டு:

உருவுவது பற்றி யாரும் சொல்லவில்லையே, அதில்தான் நான் மாட்டினேன். திரையில் டிஸ்க் 2 என்றது, நான் வலமிருந்து எண்ணினேன், பெட்டி இடமிருந்து எண்ணுகிறது. நல்ல டிஸ்க்கை உருவிவிட்டேன். வால்யூம் 'கிராஷ்ட்' என்று சிவப்பில் வந்தது, எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. நல்லவேளை, பயத்தில் எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை, பெட்டியை அணைத்துப் பழைய இடத்திலேயே செருகி, தெரிந்த நண்பர் ஒருவரை வைத்து இரண்டு நாள் போராடி மீட்டோம்.

அதனால் எண்ணை நம்பாமல் சீரியல் எண்ணைப் பாருங்கள். திரையில் செத்த டிஸ்க்கின் சீரியல் இருக்கும், கடைசி நான்கு எழுத்தைக் குறித்துக்கொண்டு ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். ட்ரேயில் இருக்கும்போது ஸ்டிக்கர் தெரியாது என்பதால், சந்தேகம் இருந்தால் முறைப்படி அணைத்துவிட்டே உருவுங்கள், தவறான ட்ரே வந்தாலும் அப்படியே திரும்பச் செருகிவிடலாம். ஓடும்போதே உருவுவதானால் ஒரு விரற்கடை மட்டும் இழுத்து, உள்ளே தட்டு நிற்கும்வரை அரை நிமிடம் பொறுங்கள், சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைக் கையில் எடுத்தால் பம்பரம் போல முறுக்கும்.

புதியதைச் செருகியதும் 'ரிப்பேர்' மட்டும்தான். 'இனிஷியலைஸ்', 'புதிய வால்யூம் உருவாக்கு' என்றெல்லாம் கேட்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள், இருப்பது அழிந்துவிடலாம்.

மொட்டைமாடி:

முடிந்தது. ஸ்மார்ட் பார்த்தேன், டிஸ்க் 1-இல் 197-ஆவது வரி 24 காட்டியது. இரும்புப்பெட்டி சொன்னதைக் கேட்காமல் நேரே புது டிஸ்க் செருகியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

படங்கள், வீடியோக்கள் மொத்தம் 1.8 டிபி, ராத்திரி முழுக்கக் காப்பி ஓடியது. இரண்டு வீடியோ மட்டும் பாதியில் பிழை காட்டி நின்றன, ஒன்று பள்ளி ஆண்டுவிழா, மற்றது ஏதோ நடுங்கிய மழை வீடியோ. ஆண்டுவிழா மனைவியின் போனில் இன்னும் இருந்தது. அப்புறம்தான் சீரியல் பார்த்து டிஸ்க் 3-ஐ மாற்றினேன், சிஎம்ஆர், 4 டிபி. ரீபில்ட் 11 மணி நேரம், தாண்டிவிட்டது. டிஸ்க் 1-க்கும் புதியது வரவழைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி மிச்சம்: செத்த டிஸ்க்கைப் பழைய சாமான்காரரிடம் போடலாமா? ரெய்டு 5-இல் ஒற்றை டிஸ்க்கை வைத்து யாரும் எதுவும் படிக்க முடியாதுதானே?

கடைசிபெஞ்சு:

சரி, 24 விஷயத்தில் நான் தோற்றேன், காப்பி எடுத்தது நல்லதாகப் போயிற்று.

அப்படியே போடாதீர்கள். ரெய்டு 5 துண்டு துண்டாகப் பிரித்துத்தான் எழுதும், ஆனால் ஒரு துண்டு 64 கேபி என்றால் அதைவிடச் சிறிய ஃபைல் முழுதாகவே ஒரே டிஸ்க்கில் கிடக்கலாம். பாஸ்வேர்டு குறித்து வைத்த டெக்ஸ்ட் ஃபைல் அந்த அளவுதான் இருக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, தட்டில் படும்படி மூன்று நான்கு இடத்தில் ட்ரில் போட்டுவிட்டுக் கொடுங்கள்.