அந்த 10 மடங்கு எந்தக் கடையில விக்கிது?

மெட்டுக்காரன்:
நேத்து ஏலச்செட்டு எழுதினது: "நானோ கார்பன் குழாய் போட்ட பேட்டரி இருந்தா மின்சார வண்டி இப்ப ஓடுறதைவிட 10 மடங்கு தூரம் ஓடும். போடியில சார்ஜ் போட்டா மூணாறு போய்த் திரும்பி மறுநாளும் போகலாம்." படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. லித்தியம் பேட்டரியோட மைனஸ் பக்கம் மின்சாரத்தைத் தேக்குறது கிராபைட்ங்கிற கரி. அது தேக்குறதுக்கு உச்சவரம்பே கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி. நானோ குழாய்ங்கிறது தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிசான கரிக் குழாய். அதைப் போடுறது மின்சாரம் கடத்த. கரித்தூள் 2, 3 சதவீதம் போடுற இடத்துல குழாய் 1 சதவீதத்துக்குள்ள போதும், மிச்ச இடத்துல மின்சாரத்தைத் தேக்குற மருந்தை அடைக்கலாம். லாபம் அவ்ளோதான். 10 மடங்கு எங்க இருக்கு?

ஏலச்செட்டு:
வந்துட்டாருய்யா வாத்தியாரு. 2010ல அமெரிக்காவுல எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்காரங்க செஞ்சு காட்டினது. நான் சொல்லல, அவங்க சொன்னது 10 மடங்கு.

மெட்டுக்காரன்:
அது பவர்ண்ணே. எவ்ளோ வேகமாக் கொட்டும்ங்கிற கணக்கு. குடத்து வாயை அகலமாக்கினா தண்ணி சீக்கிரம் கொட்டும், குடம் பெருசாகிடுமா?

ஏலச்செட்டு:
குடம் இருக்கட்டும். 10 மடங்குன்னு சொன்னாங்களா இல்லையா?

வயரிங் பாண்டி:
மலை ஏற பவருதானப்பு வேணும்? போடிமெட்டு ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவுல குடமா ஏறப் போகுது?

மெட்டுக்காரன்:
பாண்டி, வண்டியும் ரெண்டு ஆளும் 250 கிலோன்னு வை. போடியில இருந்து மெட்டுக்குச் சுமாரா 1,000 மீட்டர் உசரம். தூக்குறதுக்கு மட்டுமே 0.68 யூனிட் வேணும், உரசல், காத்து எல்லாம் தனி. குழாய் போட்டாலும் அந்தக் கணக்கு மாறாது.

பூப்பாறைக்காரி:
கிராபைட்டுக்குப் பதிலாப் போடுற சிலிக்கானை ஏன் யாரும் பேசல? அது கிராமுக்கு 3,500ஐத் தாண்டும். ஆனா சார்ஜ் ஏறும்போது லித்தியம் உள்ள போனா மூணு மடங்குக்கு மேல ஊதி, சுருங்கி, உதிர்ந்துடும். மண்சுவத்துல வைக்கோல் மாதிரி குழாய்தான் அதைக் கட்டிப் பிடிக்குது. உண்மையான வேலை அங்கதான் இருக்கு.

ஏலச்செட்டு:
372 எங்க, 3,500 எங்க? வகுத்துப் பாருங்க வாத்தியாரே. தங்கச்சியே சொல்லிடுச்சு, 10 மடங்கு.

பூப்பாறைக்காரி:
நான் அப்படிச் சொல்லல.

மெட்டுக்காரன்:
அது மைனஸ் பக்கம் மட்டும்! பிளஸ் பக்கம், திரவம், உறை எல்லாம் பழையபடி அதே கனம்தான். சரி, குழாயையே மைனஸ் பக்கம் முழுசா வைக்கலாம்னு கிளம்பாதீங்க. மேற்பரப்பு ஏராளம், முதல் சார்ஜிலேயே லித்தியம் ஒட்டிக்கிட்டுத் திரும்பி வராது. போதாததுக்குக் குழாய்கள் சிக்குப் பிடிச்ச தலைமுடி மாதிரி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், பிரிச்சுக் கலக்குறதே பெரும்பாடு.

உருக்குத்தமிழன்:
எல்லாரும் வெள்ளைக்காரனையே பாருங்க. 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளுக்குள்ள நானோ குழாய் இருக்குன்னு 2006ல ஜெர்மனி டிரெஸ்டன்ல கண்டாங்க. அந்த வாளுக்கு இரும்பு போனது நம்ம பக்கத்து உருக்கு.

மெட்டுக்காரன்:
வாளைச் சார்ஜ் போட்டு மெட்டு ஏறுங்க.

உருக்குத்தமிழன்:
இந்த நக்கல்தான் உங்களுக்கு வரும். குழாயை முதல்ல கண்டவர் ஜப்பான் ஈஜிமா, 1991னு போன மாசம் எழுதினீங்களே, 1952லயே ரஷ்யாக்காரங்க படம் போட்டுட்டாங்கன்னு நான் காட்டினேன். இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

மெட்டுக்காரன்:
உலகம் திரும்பிப் பார்த்தது 1991லதான்.

உருக்குத்தமிழன்:
இது பதிலா?

வயரிங் பாண்டி:
ஏலச்செட்டு அண்ணே, ஆடியில உங்க வண்டி ஆறாவது வளைவுல நின்னுச்சே, ஜீப்புல ஏத்திட்டு வந்தது நான்தான். வாடகை இன்னும் வரல.

ஏலச்செட்டு:
அது சாதா பேட்டரி. அதனாலதானே சொல்றேன். கேரளாக்காரன் ஜீப்புக்கு வாடகை வேறயா, பாதி தூரம் நான்தான் தள்ளினேன்.

வயரிங் பாண்டி:
கேரளாக்காரனா? சாந்தன்பாறையில மூணு தலைமுறையாத் தமிழ் பேசுறோம். ஏலக்காயை எங்ககிட்ட எடுக்கும்போது இந்தப் பேச்சு வராதே?

மெட்டுக்காரன்:
திரியை மாத்தாதீங்க. ஒரே கேள்வி. 10 மடங்கு தூரம் ஓடின வண்டி எங்க?

ஏலச்செட்டு:
வரும்.

மெட்டுக்காரன்:
எங்க?

ஏலச்செட்டு:
வரும்னு சொன்னேன்ல. 10 மடங்கு.

வயரிங் பாண்டி:
வாடகை?