மறு: சப்சிடியாரிட்டி – 'துணைநிற்பு நெறி' எனலாமா?

வணக்கம்.

சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறிக்காமல், இயலாதபோது மட்டும் உதவ வேண்டும் என்ற நெறியை ஆங்கிலத்தில் சப்சிடியாரிட்டி (subsidiarity) என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை அதிகாரப் பரவல், துணைநிலைக் கோட்பாடு, அண்மைக் கோட்பாடு என மூன்று சொற்கள் வந்துள்ளன. வளர்ச்சிக் கொள்கை பற்றி எழுத உட்கார்ந்தால் மூன்றுமே இடறும் என்பது என் கருத்து.

அதிகாரப் பரவல் என்றால் அதிகாரம் முதலில் மேலே இருக்கிறது, அங்கிருப்பவர் பார்த்துக் கீழே கொடுக்கிறார் என்றாகிறது. திருத்தந்தை 11ஆம் பயஸ் 1931 மே மாதம் வெளியிட்ட 'குவாத்ரஜேசிமோ ஆன்னோ' சுற்றுமடல் சொல்வது வேறு. சிறிய அமைப்புகள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்கிறது அது. அதாவது, குடும்பத்துக்கும் சங்கத்துக்கும் ஊருக்கும் உள்ள உரிமை யாரும் கொடுத்து வந்ததல்ல. இத்தாலியில் முசோலினி அரசு கத்தோலிக்க இளைஞர் சங்கங்களை மூடியதும் அதே ஆண்டில்தான். அதை நினைத்துக்கொண்டு படித்தால் அந்த வரியின் சூடு தெரியும்.

'துணைநிலை' என்றதும் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர்தான் நினைவுக்கு வருவார். ஒரு படி கீழே என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. இந்த நெறியிலோ பெரியதுதான் சிறியதற்குத் துணை. லத்தீனில் 'சுப்சிதியும்' என்றால் உதவி. முன்வரிசைக்குப் பின்னால் காத்துநிற்கும் படைக்கும் அதே பெயர்.

'அண்மை', முடிவுகள் இயன்றவரை மக்களுக்கு அருகிலேயே எடுக்கப்பட வேண்டும் என்று சொல்லும் 1992இன் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு (ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கியது) ஓரளவு பொருந்தும். ஆனால் மேலே இருப்பவரின் கடமை அதில் இல்லை.

அந்தக் கடமை ஏன் முக்கியம் என்பதற்கு ஜாம்பியாவைப் பாருங்கள். கடன் நிபந்தனைகளோடு வந்த பொருளாதாரச் சீரமைப்புக் காலத்தில் அங்கே அரசு மருத்துவமனைகளில் கட்டணம் நுழைந்தது. தலைநகர் லுசாக்காவில் இயேசு சபையினரின் ஆய்வு மையம் ஒன்று சோளமாவு, அடுப்புக்கரி, வாடகை என்று விலை விசாரித்து, ஒரு குடும்பம் பிழைக்க மாதம் எவ்வளவு வேண்டும் என்பதை மாதாமாதம் வெளியிட்டது. அந்த வேலையை உள்ளூர்க்காரர்கள்தான் செய்ய முடியும். ஆனால் சுமார் 700 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனை அவர்களால் ரத்து செய்ய முடியாது. கடன் கொடுத்த நாடுகள், உலக வங்கி, பன்னாட்டு நிதியம்தான் செய்தாக வேண்டும். 2005இல் தொடங்கிய தள்ளுபடியில் பெரும்பகுதி நீங்கியது. 2006இல் ஊர்ப்புற மருத்துவ நிலையங்களில் கட்டணத்தை ஜாம்பியா அரசே எடுத்தது.

இந்த நிகழ்வை விவரிக்கும் வாக்கியத்தில் 'பரவல்', 'அண்மை' இரண்டையும் போட்டுப் பாருங்கள். கடன் தள்ளுபடிக்கு இடமே இருக்காது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2009இல் எழுதிய சுற்றுமடலும் இந்த நெறியையும் தோழமையையும் (solidarity) பிரிக்கக் கூடாது என்கிறது. பிரித்தால் இந்த நெறி அவரவர் வேலையைப் பார்ப்பதாகச் சுருங்கும், தோழமை உதவி பெறுபவரைச் சிறுமைப்படுத்தும்.

ஆகவே 'துணைநிற்பு நெறி'. பறிக்காதே என்ற பாதி இதில் எங்கே என்று கேட்கலாம். துணைக்கு நிற்பவர் முன்னால் நிற்பவரின் இடத்தைப் பிடிப்பதில்லை. அது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. துணைநின்றார்கள், துணைநிற்கும் அமைப்பு என்று வினையாகவும் அடையாகவும் சிரமமில்லாமல் வரும்.

அகராதிப் பதிவுக்கு இப்படி எழுதலாம்: 'சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு எடுத்துக்கொள்ளாமலும், சிறிய அமைப்பால் இயலாதபோது உதவாமல் விலகாமலும் இருக்க வேண்டும் என்ற நெறி.' ஐரோப்பியச் சட்டம் படித்தவர்கள் தங்கள் வாக்கியங்களில் இதைப் பொருத்திப் பார்த்துச் சொல்லுங்கள்.