புதுப்பிப்பு: டிராபிக்கில் சூடேறிய பழைய கார்
டிராபிக்கில் நின்றால் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புக்கு ஏறுகிறது, ஹைவேயில் இறங்கிவிடுகிறது என்று என் 1999 மாடல் காரைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பெரிய ரேடியேட்டர் போட வேண்டியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தது; தேவைப்படவில்லை. ‘சூடேறினால் ரேடியேட்டர் ஃபேனை ஓடவைக்கும் ஃபேன் சுவிட்சின் இரண்டு வயரையும் நேராக இணைத்துப் பாருங்கள்’ என்றவர் சொன்னதுதான் சரி. இணைத்ததும் ஃபேன் சுற்றியது. மோட்டார், ரிலே, ஃப்யூஸ் எல்லாம் நலம். போனது சுவிட்ச் மட்டும். காரோடு வரும் அதே வகை (ஸ்டாக்) சுவிட்சே மாற்றினேன்.

எதிர்பாராதது வேறு. கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வடித்தால் டீ டிக்காஷன் நிறத்தில் துருத் தண்ணீர். சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டின் கூட்டைத் திறந்தால் உள்ளே காலி! எந்தக் காலத்தில் யார் கழற்றி எறிந்தார்களோ. புதிது போட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றினேன்.

நேற்று ஏசி போடாமல் அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். ஊசி பாதியைத் தாண்டவில்லை. ஃபேன் தானாக ஓடித் தானாக நின்றது.