பப்மெட்டில் கட்டுரைகளே வரவில்லை, அவசர உதவி தேவை

செவிலிமாணவி:
வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டின் முன்னாய்வுத் தொகுப்பைத் தர வேண்டும். பாம்புக்கடியால் வரும் சிறுநீரகச் செயலிழப்புதான் தலைப்பு. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் விரல்விட்டு எண்ணும் அளவே கட்டுரைகள் கிடைக்கின்றன. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆய்வே நடக்கவில்லையா?

இளவேனில்:
தேடல் பெட்டியில் என்ன தட்டினீர்கள்? அப்படியே எழுதுங்கள். இடப்பக்க வடிகட்டிகளில் எதையாவது தேர்ந்திருக்கிறீர்களா?

கதிர்:
பப்மெட்டை விட்டுவிட்டு கூகுள் ஸ்காலருக்குப் போங்கள். நான் அதில்தான் எல்லாம் எடுத்தேன்.

முதுநூலகர்:
மாதந்தோறும் இதே கேள்வி. 'ஸ்நேக் பைட்ஸ்', 'டபோயா' (கண்ணாடிவிரியன் பேரினம்) என்ற மெஷ் தலைப்புகளில், அதாவது கட்டுரைகளுக்கு இடப்படும் நிலையான பொருள் தலைப்புகளில், தேடினால் முடிந்தது. மெஷ் என்றால் என்னவென்று தெரியாமலே ஆய்வேடு எழுத வந்துவிடுகிறார்கள்.

இளவேனில்:
ஐயா, மெஷ் மட்டும் போதாது. மெஷ் தலைப்பு இடப்படும் மெட்லைன் தொகுப்பில் சேராத இதழ்களின் கட்டுரைகளும் பப்மெட்டில் உண்டு; அவற்றுக்கு மெஷ் தலைப்பு இராது. சாதாரணச் சொற்களையும் 'ஆர்' (அல்லது) போட்டுச் சேர்க்க வேண்டும்.

முதுநூலகர்:
சேர்க்கட்டும். ஆனால் ஸ்காலரைப் பரிந்துரைக்காதீர்கள். ஒரு தேடலுக்கு 1000 முடிவுகளுக்கு மேல் காட்டாது. அதே தேடலை இன்னொருவர் செய்தால் அதே பட்டியல் வரும் என்ற உறுதியும் இல்லை.

கதிர்:
முழுக்கட்டுரை எங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று அதுதானே காட்டுகிறது? 2025 ஜனவரியில் தொடங்கிய, ஆய்விதழ்களுக்கான 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் கல்லூரிப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

முதுநூலகர்:
சுருக்கத்தைக்கூடப் படிக்காதவர்களுக்கு முழுக்கட்டுரை எதற்கு?

கதிர்:
இப்படிப் பேசினால் யார் இங்கே கேள்வி கேட்பார்கள்?

செவிலிமாணவி:
'வைப்பர் பைட்', 'அக்யூட் ரீனல் ஃபெயிலியர்' இரண்டையும் தனித்தனியே மேற்கோள்குறிக்குள் இட்டு, நடுவில் 'ஆண்ட்' (மற்றும்) போட்டேன். வழிகாட்டி தந்த சொற்கள் இவை. கடைசி 5 ஆண்டுகள், இலவச முழுக்கட்டுரை என்ற வடிகட்டிகளும் உண்டு.

இளவேனில்:
சகோதரி, ஆய்வுகள் நிறைய இருக்கின்றன; இந்தச் சொற்களில் அவை சிக்கவில்லை. சிறுநீரகப் பாதிப்பு குறித்த 2004 ரைஃபிள் வரையறை, 2012 கேடிகோ வழிகாட்டுதல் இவற்றுக்குப் பிறகு 'அக்யூட் ரீனல் ஃபெயிலியர்' என்பதைப் பெரும்பாலோர் 'அக்யூட் கிட்னி இஞ்சுரி' என்றே எழுதுகிறார்கள். மேற்கோள்குறி இல்லாவிட்டால் பழைய சொல்லுக்குரிய மெஷ் தலைப்பையும் பப்மெட் தானாகவே சேர்த்துத் தேடும். குறி இட்டதும் அது நின்றுவிடுகிறது. பழைய சொல்லும் புதிய ஆண்டுகளும் சேர்ந்தால் எப்படிக் கிடைக்கும்? குறிகளை எடுங்கள், 'ஸ்நேக்பைட்', 'என்வெனோமேஷன்' (நஞ்சேறுதல்), 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்' மூன்றையும் 'ஆர்' போட்டு ஓர் அடைப்புக்குள் வையுங்கள். அடைப்பு இல்லாவிட்டால் இடமிருந்து வலமாகவே கணக்கிடும். வடிகட்டிகளையும் நீக்குங்கள், நீக்கும்வரை அடுத்த தேடலிலும் தொடரும். மேம்பட்ட தேடல் பக்கத்தில் 'டீடெயில்ஸ்' அம்புக்குறியைத் தொட்டால் பப்மெட் உண்மையில் எதைத் தேடியது என்று தெரியும்.

செவிலிமாணவி:
வருகிறது. நிறையவே வருகிறது. நன்றி.

இளவேனில்:
மகிழ்ச்சி. தேடல் வரியையும் தேடிய தேதியையும் இப்போதே குறித்து வையுங்கள், ஆய்வேட்டில் கேட்பார்கள். எம்பேஸ் என்ற இன்னொரு மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம் உங்கள் கல்லூரியில் கிடைக்கிறதா?