‘லெதர் கண்டிஷனிங்’: தமிழில் என்ன சொல்வது?

அன்பார்ந்த குழுவினருக்கு வணக்கம்.

சேலத்தில் வண்டி கழுவும் நிலையங்களில் புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்காக, காரின் தோல் இருக்கைகளைப் பராமரிப்பது பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘கிளீனிங்’ என்பதை ‘அழுக்கெடுத்தல்’ என்று எழுதியதில் எந்தச் சிக்கலும் எழவில்லை. அதை அடுத்து வரும், தோல் கெடாதபடி களிம்பு தடவிக் காக்கும் ‘கண்டிஷனிங்’கில்தான் ஒரு வாரமாக நின்றுகொண்டிருக்கிறேன். பதப்படுத்தல், எண்ணெயூட்டல், மென்மையூட்டல் என்று மூன்று சொற்களை இங்கே பரிந்துரைத்த அன்பர்களுக்கு நன்றி. மூன்றையும் ஏன் ஏற்கத் தயங்குகிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லிவிட்டு, என் பரிந்துரைக்கு வருகிறேன்.

‘பதப்படுத்தல்’ என்ற சொல் ஏற்கெனவே உணவுக்குப் போய்விட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகளைப் பற்றிப் பேசினால் அந்தச் சொல்தான் வரும். தோலுக்கு அதைச் சொன்னால் ‘பதனிடல்’ நினைவுக்கு வரும். அழுகக்கூடிய பச்சைத் தோலை அழுகாத தோலாக மாற்றுவதே பதனிடல். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு செய்த அந்த வேலையை, வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் இன்று பெரும்பாலும் குரோமிய உப்பைக் கொண்டு செய்கிறார்கள். அதற்குப் பின், தோலின் இழைகள் உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைத்துவிடாமல் இருக்க, நீரில் பால்போல் கலக்கும்படி மாற்றிய எண்ணெயைச் சுழலும் பீப்பாயில் தோலோடு சேர்த்து ஏற்றுகிறார்கள். அதற்குக் ‘கொழுப்பூட்டல்’ என்பது பொருத்தமான சொல். இவை இரண்டும் தொழிற்சாலையோடு முடிந்துபோகிறவை. வண்டி கழுவும் இடத்தில் ஒரு பையன் துணியும் களிம்புமாகச் செய்யும் வேலைக்கு அவற்றின் பெயரையோ, அவற்றைப் போல ஒலிக்கும் பெயரையோ வைப்பது முறையாகாது.

‘எண்ணெயூட்டல்’ என்னும் சொல்லோடு எனக்குச் சொந்தப் பகையே உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பழைய கார் ஒன்றின் தோல் இருக்கைகள் வெயிலில் காய்ந்து வெளிறித் தெரிந்ததால், வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேய்த்தேன். சேலத்தில், எங்கள் அஸ்தம்பட்டியில் நிறுத்தியிருந்தவரை இருக்கை பளபளவென்றுதான் இருந்தது. அடுத்த வாரம் குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் போய், இரவு அங்கே தங்கிவிட்டு, காலையில் கதவைத் திறந்து பார்த்தால், இருக்கையில் காற்றுக்காகக் குத்தியிருந்த நுண்துளைகளிலும் தையல் மடிப்புகளிலும் எண்ணெய் வெள்ளை வெள்ளையாக உறைந்து நின்றது. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உறையத் தொடங்கும் என்பதையும், மலைக்காலைக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை என்பதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. கீழே இறங்கியதும் அது மறுபடி உருகிச் சாலைத் தூசியை எல்லாம் பிடித்துக்கொண்டது. சீட் கவர் தைப்பவரிடம் கொண்டுபோனேன், “என்னங்க சார், சீட்டுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலா?” என்று கேட்டுவிட்டு, பல்குச்சியை எடுத்துக்கொண்டு துளை துளையாக அழுக்கெடுக்க உட்கார்ந்தார்.

அன்று அவர் காட்டிய சோதனையைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட வேண்டும். அது முத்தாகவே நின்றால் தோலின்மேல் நிறப்பூச்சும் அதற்கு மேல் பாலியூரித்தேன் பூச்சும் இருக்கின்றன என்று பொருள். உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால், சாயம் மட்டும் ஏற்றிய பூச்சில்லாத தோல் என்று பொருள். இன்றைய கார்களில் பெரும்பாலானவை முதல் வகை. அவற்றில் நாம் எதைத் தடவினாலும் உள்ளே இறங்குவது மிகச் சொற்பம். மிஞ்சியது மேலேயே கிடந்து பிசுபிசுக்கும். அங்கே முக்கியமான வேலை அழுக்கெடுத்தல்தான். தையல் இடுக்கில் உள்ள மணலை முதலில் உறிஞ்சி எடுத்து, மென்மையான தூரிகையில் நுரையை மட்டும் கொண்டு தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி, நிழலில் உலரவிட வேண்டும். காரமான சோப்பு ஆகாது, ஏனெனில் தோல் இயல்பில் இலேசான அமிலத்தன்மை உடையது. தலைசாய்ப்புப் பகுதியில் கறுத்திருப்பது நம் தலையெண்ணெய். ஸ்டியரிங் மினுமினுப்பதைப் பலர் புதுமையின் அடையாளமாக எண்ணுகிறார்கள். புதுத் தோல் மங்கலாகத்தான் இருக்கும், மினுமினுப்பது கைப்பிசுக்கு. இத்தனையும் கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்தில் ‘எண்ணெயூட்டல்’ என்று தலைப்பிட்டால், பையனின் கை எந்தப் புட்டியை நாடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

‘மென்மையூட்டல்’ முகப்பூச்சு விளம்பரம்போல் இருக்கிறது. அதோடு, பூச்சில்லாத தோலில் எண்ணெய்ப்பசையை மிகுதியாக ஏற்றினால் இழைகள் தளர்ந்து இருக்கை தொய்ந்துவிடும் என்பதால், மென்மை கூடக்கூட நல்லது என்ற எண்ணத்தைத் தரும் சொல் எனக்கு வேண்டாம்.

என் பரிந்துரை ‘பதங்காப்பு’. பாகுக்குப் பதம் உண்டு, களிக்குப் பதம் உண்டு, செங்கல் அறுக்கும் மண்ணுக்கும் பதம் உண்டு. பதம் என்றால் ஒரு பொருள் தன் வேலைக்குத் தக்க நிலையில் இருப்பது. கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். ‘வண்டி நல்ல கண்டிஷனில் இருக்கிறது’ என்று நாம் அன்றாடம் சொல்வதும் இந்தப் பொருளில்தான். பதனிடல் என்பதில் உள்ள ‘பதன்’ இதே ‘பதம்’தான் என்பதால், தொழிற்சாலை பதனிடுகிறது, உடைமையாளர் அந்தப் பதத்தைக் காக்கிறார் என்று இரண்டு சொற்களும் ஒன்றையொன்று விளக்கிக்கொண்டு நிற்கும்.

‘லெதர்’ என்பதற்கு ‘அதள்’ என்னும் சங்கச் சொல்லை மீட்கலாம் என்று ஓர் அம்மையார் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆயினும் என் வாசகருக்குத் தோலையும் ரெக்சினையும் பிரித்துச் சொல்வதே பெரிய வேலை. உடல் படும் இடத்தில் மட்டும் தோலும் பக்கவாட்டில் செயற்கைத் தோலுமாக வரும் இருக்கைகள் ஏராளம் என்பதால், கையேட்டில் ‘தோல்’, ‘ரெக்சின்’ என்ற வழக்குச் சொற்களோடு நின்றுகொள்கிறேன்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
அஸ்தம்பட்டியிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

ஏற்காட்டில் வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் இரண்டு சொற்கள். ‘பதம்’ என்னும் அடிச்சொல்லை முழு மனத்துடன் ஏற்கிறேன். உங்கள் ஊரில் தோல் காய்ந்து கெடுகிறது. எங்கள் மலையில், மழையும் மூடுபனியுமான மாதங்களில், பூட்டிவைத்த காரின் இருக்கைமேல் பூஞ்சணம் வெண்மையாகப் படர்கிறது. இங்கே தோலைக் காப்பது என்றால் ஈரத்தைப் போக்கிக் காற்றாடவிடுவது. பறையடிப்பவர்கள் ஆட்டத்திற்கு முன் பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சுவதும் ஈரத்தில் தளர்ந்த தோலைப் பதத்துக்குக் கொண்டுவரத்தானே? எண்ணெயூட்டலும் மென்மையூட்டலும் இந்த வேலைக்குப் பொருந்தவே பொருந்தா.

ஆனால் ‘பதங்காப்பு’ என்று எழுதினால் என் மாணவர்கள் ‘பதங்கமாதல்’ என்றே படிப்பார்கள். திண்மம் உருகாமல் நேரே ஆவியாவதற்குப் பாடநூலில் உள்ள சொல் அது. இருக்கைக்கு அடியில் அந்துருண்டை போட்டுவைக்கும் என் போன்றவர்களுடைய காரில் இரண்டும் ஒரே இடத்தில் நடக்கும் என்பது வேறு! நாளை யாரேனும் ‘கண்டிஷனர்’ என்பதைப் ‘பதங்காப்பி’ என்று ஆக்கிவிட்டால், காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் வாழும் நாங்கள் அதைக் குடிக்கும் வகைகளில் ஒன்றாக எண்ணிவிடுவோம்.

*

ஐயா, பதங்கமாதல் எனக்குத் தோன்றவே இல்லை. தக்க நேரத்தில் சொன்னீர்கள்.

மகர ஈறு வல்லினத்துக்கு முன் இரு வகையாகவும் புணரும். மரங்கொத்தியில் மெய் இனமாகத் திரிகிறது, மரக்கிளையில் கெட்டு வல்லினம் மிகுகிறது. எனவே ‘பதக்காப்பு’ என்று எழுதினால் இலக்கணத்துக்கும் பொருந்தும், உங்கள் மாணவர்களும் தடுமாற மாட்டார்கள். பதக்கம் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். தோலைப் பற்றிய நூலில் அந்த மயக்கம் நேராது என்று கருதுகிறேன். பொருளின் பெயரைப் ‘பதக்காப்புக் களிம்பு’ என்றும், தண்ணீராக வருவதைப் ‘பதக்காப்பு நீர்மம்’ என்றும் வைத்து, ‘-காப்பி’யை உங்கள் மலைக்கே விட்டுவிட்டேன். பூஞ்சணத்தைப் பற்றியும் ஒரு பத்தி சேர்க்கிறேன்.

கையேட்டில் அந்த இடம் இப்போது இப்படி இருக்கிறது: “அழுக்கெடுத்த இருக்கை நன்றாக உலர்ந்த பிறகே பதக்காப்பைத் தொடங்கவும். பட்டாணி அளவு களிம்பைத் துணியில் எடுத்து, ஒரு இருக்கை முழுவதற்கும் மெல்லியதாகப் பரப்பவும். சற்று நேரம் விட்டு, உலர்ந்த துணியால் மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுக்கவும். விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது.”